விற்ற பொருளோடு போன உறைக்கும் பொறுப்பேற்பது எப்படி

சோப்பு, எண்ணெய், பிஸ்கட் என எதை விற்கும் நிறுவனமும் அதனுடன் இன்னொன்றையும் சேர்த்தே விற்கிறது. அதற்குத் தனி விலை எழுதுவதில்லை என்பதால் பலரும் அதைக் கவனிப்பதில்லை. அதுதான் உறை. உள்ளிருக்கும் பொருள் சில நிமிடங்களிலோ சில வாரங்களிலோ தீர்ந்துவிடும். உறையை அள்ளுவதும் புதைப்பதும் எரிப்பதும் நெடுங்காலமாக உள்ளாட்சியின் வேலையாகவும் வரி செலுத்துவோரின் செலவாகவும் இருந்துவந்தன. அந்தச் செலவு உற்பத்தியாளரிடமே திரும்பிச் செல்ல வேண்டும் என்ற கருத்துக்கு, 1990இல் ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் ‘உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு’ என்று பெயரிட்டார். மறு ஆண்டே ஜெர்மனி, உறைக் கழிவைத் திரும்பப் பெறும் கடமையை நிறுவனங்கள்மீது சட்டமாகச் சுமத்தியது. அதன் பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்றும், அதில் கழிவாகிப்போன 630 கோடி டன்னில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்குச் சென்றது என்றும் 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நிறுவனத்துக்குள் இந்தப் பணி யாரிடம் ஒப்படைக்கப்படுகிறதோ, அவருக்காக எழுதப்படுவது இது. பெரும்பாலும் அவர் விளம்பரப் பிரிவில் இருப்பார். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. உறையின் தலையெழுத்து தீர்மானிக்கப்படுவது வடிவமைப்பு மேசையிலும் கொள்முதல் ஒப்பந்தத்திலும்தான். ஆகவே அந்த இரண்டு பிரிவினரையும் உடன் வைத்துக்கொள்ளாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

எடையும் எண்ணிக்கையும்

முதல் வேலை கணக்கெடுப்பு. ஓராண்டில் எத்தனை டன் பிளாஸ்டிக் உறையைச் சந்தையில் விட்டோம் என்று கேட்டால், உடனே பதில் சொல்லக்கூடிய நிறுவனங்கள் குறைவு. கொள்முதல் பதிவேட்டில் பாட்டில் ‘எண்ணிக்கை’யாகவும், சுருள் படலம் கிலோவாகவும், லேபிள் மீட்டராகவும் எழுதப்பட்டிருக்கும், இவை அனைத்தையும் கிராமுக்கு மாற்றிப் பொருள்வாரியாக அடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் வழக்கமாக விடுபட்டுப்போகும் இடங்கள் இரண்டு: உங்கள் பெயரில் வேறொரு ஆலை ஒப்பந்த அடிப்படையில் தயாரித்துத் தரும் பொருட்களின் உறை ஒன்று, அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கட்டும்போது மேலே இறுக்கிச் சுற்றும் மெல்லிய படலம் மற்றொன்று. இரண்டாவதை நுகர்வோர் பார்ப்பதே இல்லை; ஆனால் அது சுத்தமாகவும் ஒரே இடத்திலும் சேர்வதால், திரும்பப் பெறுவதற்கு அதைவிட எளியது கிடையாது.

எடையோடு நிறுத்திவிடாமல் எண்ணிக்கையையும் எழுதுங்கள். எடை மட்டும் அளவுகோலாக இருந்தால், பாட்டிலைக் கைவிட்டு, ஒருமுறை மட்டும் பயன்படும் சாஷே எனும் சிறு பாக்கெட்டுக்கு மாறும் நிறுவனம் பெருமளவு பிளாஸ்டிக்கைக் குறைத்ததாகக் கணக்கு காட்டலாம். உண்மையில் நடப்பது வேறு. 20 கிராம் எடையுள்ள பாட்டிலை 50 முறை குனிந்து எடுத்தால் ஒரு கிலோ சேரும். ஒரு கிராம் சாஷேயை ஆயிரம் முறை குனிந்து எடுத்தால்தான் அதே ஒரு கிலோ சேரும், சேர்ந்த பிறகும் வாங்க ஆளில்லை. தெருவில் கழிவு சேகரிப்பவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சாஷேயை விட்டுச்செல்வதற்கு அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அது வெறும் கூலிக் கணக்கு.

கத்தரிக்கோலோடு உட்காருங்கள்

அடுத்ததாக, உங்கள் நிறுவனத்தில் அதிகம் விற்கும் பத்துப் பொருட்களை மேசையில் வைத்து, ஒவ்வொன்றின் உறையையும் கையால் பிரித்துப் பாருங்கள். அழுத்தினால் ஷாம்பு வரும் ஒரு சாதாரண பாட்டிலை எடுத்துக்கொள்வோம். உடல் ஒருவகைப் பாலிஎத்திலீன், தலைப்பகுதி பாலிப்ரோப்பிலீன், பம்ப்பைக் கழற்றினால் உள்ளே சிறிய எஃகுச் சுருள்வில்லும், சிலவற்றில் ஒரு கண்ணாடிக் குண்டும் இருக்கும், பாட்டிலை முழுவதுமாகப் போர்த்தியிருக்கும் அச்சிட்ட சட்டை மூன்றாவது வகைப் பிளாஸ்டிக். ஐந்து நிமிடத்தில் நீங்கள் பிரித்த இதை, ரகம் பிரிக்கும் ஆலை கண்ணிமைக்கும் நேரத்தில் அடையாளம் காண வேண்டும். அங்கே ஓடும் பட்டையின்மீது விழும் அகச்சிவப்பு ஒளி எப்படித் திரும்புகிறது என்பதைக் கொண்டே இயந்திரம் பொருளை அறிகிறது. முழுச்சட்டை போட்ட பாட்டிலில் அது சட்டையைத்தான் பார்க்கும். கரித்தூளால் கறுப்பாக்கிய தட்டில் ஒளி திரும்பி வருவதே இல்லை என்பதால், இயந்திரத்தைப் பொறுத்தவரை அப்படியொரு தட்டு அங்கே இல்லவே இல்லை. அது நேராகக் குப்பையோடு போய்விடும்.

திருத்த வேண்டியவை இங்கிருந்தே தெரியவரும். கறுப்பு நிறத்துக்கு வேறு நிறமி இருக்கிறது. முழுச்சட்டைக்குப் பதில் சிறிய லேபிள் போதும். எஃகு வில் இல்லாத, முழுவதும் ஒரே குடும்பப் பிளாஸ்டிக்கால் ஆன பம்ப்புகளும் தயாரிக்கப்படுகின்றன. தண்ணீர், குளிர்பானப் பாட்டில்கள் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்கான பெட்டால் ஆன பாட்டிலுக்கு, பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் லேபிளை ஒட்டவே ஒட்டாதீர்கள்: இரண்டுமே நீரில் மூழ்குவதால் கழுவும் தொட்டியில் அவற்றைப் பிரிக்க முடியாது, மிகச் சிறிதளவு பி.வி.சி. கலந்தாலும் உருக்கும்போது மொத்தப் பெட்டும் மஞ்சளித்துக் கெட்டுவிடும். மாறாக, பாலிப்ரோப்பிலீன் மூடி நீரில் மிதக்கும். ஆகவே பாட்டிலிலிருந்து அது தானாகவே பிரிந்துவிடும். நிறமூட்டிய பெட்டைவிட நிறமற்ற பெட்டுக்கு நல்ல விலை உண்டு. ஸ்ப்ரைட் பானம் தன் அடையாளமாகவே இருந்த பச்சைப் பாட்டிலை 2022இல் வட அமெரிக்காவில் கைவிட்டு நிறமற்ற பாட்டிலுக்கு மாறியதற்கு இதுவே காரணம். ‘எங்கள் பிராண்டின் நிறம்’ என்று உங்கள் சந்தைப்படுத்தல் பிரிவு மறுக்கும்போது இந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும்.

கடினமான இடம், பாலியஸ்டரும் அலுமினியமும் பாலிஎத்திலீனும் ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்குப் பாக்கெட். ஈரத்தையும் காற்றையும் தடுத்து உணவைக் காப்பதில் அது கெட்டிக்காரத்தனமான பொருள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அடுக்குகளைப் பிரித்தெடுத்து லாபமாக விற்கும் வழி பரவலாக இல்லை. எல்லாப் பொருளுக்கும் அந்த அளவு பாதுகாப்பு தேவைதானா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆறு மாதத்தில் விற்றுத் தீரும் பொருளுக்கு இரண்டாண்டு காக்கும் உறையை வாங்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. குறைக்க முடிந்த இடத்தில் ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன படலத்துக்கு மாறலாம். ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று விற்பனையாளர் கொண்டுவருவதைக் கண்டு மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. வகை, தொழிற்கூட உரக்கிடங்கின் வெப்பத்தில்தான் ஒழுங்காக மக்கும். வெயிலில் நொறுங்கும்படி வேதிப்பொருள் சேர்த்த வகை சிறு துகள்களாகச் சிதறிக் கிடக்கும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் ஆணையின் வழியாக அதைத் தடைசெய்தது.

திரும்பப் பெறுவதற்கான பணம்

உறை எவ்வளவு நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், அதை எடுத்துவர ஒருவர் வேண்டும். அவருக்குக் கூலி கட்டுப்படியாக வேண்டும். பான பாட்டில்களுக்கு வைப்புத்தொகை முறை நன்கு சோதிக்கப்பட்ட வழி: வாங்கும்போது சிறுதொகை கூடுதலாகக் கொடுத்து, காலி பாட்டிலைத் திருப்பியதும் அதைப் பெற்றுக்கொள்வது. நார்வே இதற்கு ஒரு நல்ல கொக்கியும் வைத்திருக்கிறது. அங்கே பான உறைகள்மீதான சுற்றுச்சூழல் வரி, திரும்பிவரும் விகிதம் உயர உயரக் குறைந்து, 95 விழுக்காட்டைத் தொட்டால் இல்லாமலே போய்விடும். ஆகவே பாட்டில் திரும்பி வருவதில் வாங்குபவரைவிட உற்பத்தியாளருக்கே அக்கறை அதிகம்.

அத்தகைய ஏற்பாடு இல்லாத நாடுகளில் சேகரிப்பைப் பெரும்பாலும் தாங்கிநிற்பவர்கள் முறைசாராத் தொழிலாளர்கள். புதிதாக ஒரு நிறுவனத்தை நியமித்து அவர்களை ஓரங்கட்டுவது அறமும் அல்ல, செயல்திறனும் அல்ல. அவர்களுடைய கூட்டமைப்புகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்யுங்கள். விலை இல்லாத உறைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுவனமே கூடுதல் தொகை நிர்ணயித்து, கையுறை, தரம்பிரிக்கக் கூரையிட்ட இடம், தவறாத வாராந்திரக் கொடுப்பனவு ஆகியவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு முனையும் உண்டு. கச்சா எண்ணெய் விலை சரியும்போது புதிய பிளாஸ்டிக் மலிவாகிவிடும். அப்போது வாங்குவோரெல்லாம் விலகிப்போக, மறுசுழற்சி ஆலைகள் மூடப்படும். இதைத் தடுக்கக்கூடியவர் நீங்கள்தான். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைப் பல ஆண்டுகளுக்கு, அடிப்படை விலை ஒன்றை உறுதிசெய்து வாங்கும் ஒப்பந்தத்தைச் செய்யுங்கள். வாங்கும்போது, அது மக்கள் பயன்படுத்தி எறிந்த உறையிலிருந்து வந்ததா, ஆலையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளா என்று கேட்க மறவாதீர்கள். ஆலைத் துண்டுகள் எப்போதுமே திரும்ப உருக்கப்பட்டு வந்தவைதான், அதில் நீங்கள் புதிதாகச் செய்தது ஒன்றும் இல்லை.

சான்றும் வாக்குறுதியும்

‘விற்ற அளவுக்கு ஈடாகப் பிளாஸ்டிக் சேகரித்துவிட்டோம்’ என்று காட்டும் வரவுச் சான்றுகள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றை வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தால் மூன்றைப் பாருங்கள்: நீங்கள் விற்ற அதே வகைப் பிளாஸ்டிக்குக்கான சான்றா, அல்லது சாஷேயை விற்றுவிட்டு எப்படியும் சேகரிக்கப்படும் பெட் பாட்டிலைக் கணக்கில் காட்டுகிறார்களா, ஒரே டன் இரண்டு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டிருக்கிறதா, எடைமேடைச் சீட்டும் வண்டி எண்ணும் பெற்றுக்கொண்ட ஆலையின் ரசீதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா. முன்னறிவிப்பின்றி ஒரு நாள் அந்த ஆலைக்குப் போய் நின்றால், இருபது பக்க அறிக்கை சொல்லாததை அங்கே குவிந்திருக்கும் மூட்டைகள் சொல்லிவிடும்.

இலக்கை அறிவிக்கும் வேலையை இத்தனைக்கும் பிறகு வையுங்கள். தன் பானங்களில் 25 விழுக்காட்டை மீண்டும் பயன்படுத்தும் உறைகளில் 2030க்குள் விற்பதாக 2022இல் அறிவித்த கோக-கோலா, 2024 டிசம்பரில் அந்த இலக்கைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. புதிய பிளாஸ்டிக் பயன்பாட்டை 2025க்குள் பாதியாகக் குறைப்பதாகச் சொன்ன யூனிலீவர், 2024இல் அதை 2026க்குள் 30 விழுக்காடு என்று தளர்த்திக்கொண்டது. எட்டமுடியாததை ஒப்புக்கொள்வதில் ஒரு நேர்மை இருந்தாலும், கணக்கெடுப்பதற்கு முன்பே மேடையேறினால் இப்படித்தான் இறங்க நேரும். ஆண்டுதோறும் மொத்த எடை, எண்ணிக்கை, உண்மையில் திரும்பிவந்த அளவு ஆகிய மூன்றையும் வெளியாள் ஒருவரின் தணிக்கைக்குப் பின் வெளியிடுங்கள். கொள்முதல் மேலாளரின் ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் விலைக்கு அடுத்த வரியாக உறையின் எடையையும் சேர்த்துவிடுங்கள். ஒரு மூடியில் ஒரு கிராம் குறைந்தால் ஒரு கோடி பாட்டிலில் 10 டன் குறையும் என்பதை அதன்பிறகு அவருக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்காது.