நாய்க்கு என்ன ஆச்சு? காரணம் தேடும்போது நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் நாய் வளர்க்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாயின் இடது கண்ணுக்குக் கீழே லேசான புடைப்பு. "பூச்சி ஏதாச்சும் கடிச்சிருக்கும் அக்கா. போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு, மாத்திரை போட்டேன், அமுங்கிடுச்சு" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஏறக்குறைய இதே வார்த்தைகளை, இதே நம்பிக்கையோடு, பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. இருபது வருடங்களாக நாய்களோடு இருக்கிறேன். ஆதரவில்லாத நாய்களை எடுத்துத் தேற்றி, வீடு பார்த்துக் கொடுக்கிறேன். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், உண்ணிக்கு மருந்து போடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதற்குள் நான் போகப்போவதில்லை. நாய்க்கு ஏதோ சரியில்லை, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை என்ற நேரத்தில் நம் மூளை செய்கிற கோளாறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நேற்று என்ன நடந்தது என்று மட்டும் யோசிப்பது

காலையில் ஈறில் ரத்தக்கசிவு தெரிந்தால், நேற்று எதையாவது கடித்ததா என்றுதான் யோசிப்போம். ரத்தம் உறையவிடாமல் செய்யும் எலி மருந்தைத் தின்ற நாய் அன்று நன்றாகவே ஓடியாடும். பெரும்பாலும் 3 முதல் 5 நாள் கழித்துத்தான் மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வரும், இல்லையென்றால் காரணமே இல்லாமல் மூச்சு வாங்கும். நான் தேற்றிய ஒரு நாய்க்கு இப்படி ஆனபோது முந்தின நாளையே திருப்பித் திருப்பி அலசிக்கொண்டிருந்தேன். "போன வாரம் எங்கே இருந்தது?" என்று மருத்துவர் கேட்ட பிறகுதான் அது பழைய சாமான் அறையில் ஒரு மதியம் முழுக்க அடைந்து கிடந்தது ஞாபகம் வந்தது. வைட்டமின் கே1 கொடுத்துப் பிழைத்தது.

உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி, உண்ணி கடித்த 1 முதல் 3 வாரத்தில் தலைகாட்டும். சில நாய்களில் பதுங்கிக் கிடந்து மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட வெளியே வரும். "இப்போ உடம்புல ஒரு உண்ணிகூட இல்லையே" என்பது இதற்குப் பதிலாகாது. கருப்பை எடுக்காத பெண் நாய் திடீரென்று அதிகமாகத் தண்ணீர் குடித்தால், கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று எண்ணிப் பாருங்கள். கருப்பையில் சீழ் வைப்பது பெரும்பாலும் அதற்கடுத்த சில வாரங்களில்தான். கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது.

அதனால் நாட்காட்டியை இரண்டு மாதம் பின்னால் புரட்டுங்கள்.

அறிகுறிக்குத் தப்பான பேர் வைப்பது

"வாந்தி எடுக்குது" என்று சொன்னால் மருத்துவர் வயிற்றைப் பார்ப்பார். வாந்தி என்றால் வயிறு எக்கி எக்கி உள்ளிருப்பதை வெளியே தள்ளும். நாய் தலையைக் குனிந்ததும், எந்தச் சிரமமும் இல்லாமல், தின்றது தின்ற மாதிரியே வந்து விழுந்தால் அது வாந்தி இல்லை. கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம். அந்தச் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். பேரை மாற்றிச் சொன்னால் தேடுகிற இடமே மாறிவிடும்.

இன்னொன்று, "தொண்டையில் ஏதோ சிக்கிக்கிச்சு". கழுத்தை நீட்டி, முழங்கையை அகட்டி நின்றுகொண்டு, மூக்கு வழியாகக் கர் கர்ரென்று காற்றை உள்ளே இழுத்து, ஒரு நிமிடத்தில் எதுவுமே நடக்காத மாதிரி வாலாட்டினால் அது பெரும்பாலும் தலைகீழ்த் தும்மல். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போய் தொண்டைக்குள் விரலை விட்டுக் கடி வாங்குவார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், வலது கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

"முக்குது, மலச்சிக்கல்" என்பார்கள். பெருங்குடல் புண்பட்டுப் பேதி ஆகிற நாயும் அப்படித்தான் முக்கும். மூத்திரம் அடைத்த ஆண் நாயும் அதே மாதிரிதான் நிற்கும். மலமிளக்கி கொடுத்துவிட்டு இரவு முழுக்கக் காத்திருந்தால், அடைப்பு இருக்கும் நாய் செத்துப்போகலாம்.

பேர் வைக்காதீர்கள், வீடியோ எடுங்கள். மருத்துவர் மேசையில் ஏறியதும் எந்த நாயும் அந்தக் காரியத்தைச் செய்து காட்டாது.

அமுங்கிவிட்டது, அப்படியானால் சரியாகிவிட்டது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான்.

மணி என்று ஒரு நாய் வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் வலது கண்ணுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம். குளவி கொட்டியிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். வீட்டிலிருந்த அலர்ஜி மாத்திரையைக் கொடுத்தேன். இரண்டு நாளில் பாதியாகக் குறைந்தது, நாலாம் நாள் சுத்தமாகக் காணோம். பார்த்தாயா, குளவிதான்.

மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி வீக்கம். இந்த முறை மருத்துவரிடம் போனேன். ஆன்டிபயாடிக் கொடுத்தார், ஐந்து நாளில் அமுங்கியது. அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. அவர் ஊரில் இல்லை என்று வேறொருவரிடம் போனேன். போன கையோடு, "அந்த மாத்திரை இதுக்கு நல்லா கேட்கும் டாக்டர், அதையே எழுதிக் கொடுங்க" என்றேன். அவரும் எழுதிக் கொடுத்தார். இது எத்தனையாவது தடவை என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடம்தான் என்று நானும் சொல்லவில்லை. நாலாம் முறை கண்ணுக்குக் கீழே தோல் உடைந்து சீழ் வடிந்தது. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டோம். அதில் இன்னொரு மாதம் போனது.

மொத்தம் ஏழு மாதம். கடைசியாகப் பார்த்த பெண் மருத்துவர் கண்ணைத் தொடவேயில்லை. நேராக மேலுதட்டைத் தூக்கினார். மேல்வரிசையில் கன்னப்பக்கம் இருக்கும் பெரிய முன்கடைவாய்ப்பல்லில் ஒரு பக்கம் சில்லாகப் பெயர்ந்திருந்தது. அந்தப் பக்கம் மட்டும் பல்லில் காரை மண்டிக் கிடந்தது, ஏனென்றால் மணி மாதக்கணக்கில் மறுபக்கத்திலேயே மென்றுகொண்டிருந்திருக்கிறான். எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பல்லின் வேர்கள் சரியாகக் கண்ணுக்குக் கீழே முடிகின்றன. வேர்நுனியில் சீழ் கட்டினால் கன்னம்தான் வீங்கும். பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தநாளமும் செத்துப்போனதால் மருந்து அங்கே போய்ச் சேராது. சுற்றியிருக்கும் சதையில் பரவிய கிருமியை மாத்திரை அடக்கும், வீக்கம் வற்றும். பல்லுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் கிருமி, மாத்திரை நின்றதும் திரும்ப வேலையை ஆரம்பிக்கும். மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள், கதை முடிந்தது.

(பல் உடைந்ததற்குக் காரணமும் நானேதான். கடிக்கட்டும் என்று கட்டைபோன்ற எலும்புகளை வாங்கிப் போட்டேன். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்கக் கூடாது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.)

எரிச்சல் எதில் என்றால், அந்த ஏழு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. அக்கறையாக ஓடினேன், செலவழித்தேன். மாத்திரை கேட்டதே என்ற ஒன்றை நம்பி, தேடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். முதல்முறை அலர்ஜி மாத்திரை கேட்கவேயில்லை என்றுதான் இன்று நினைக்கிறேன். வீக்கம் தானாக வற்றியிருக்கும், பேர் மாத்திரைக்குப் போனது.

இதில் மிக மோசமான ஆள் ஸ்டீராய்டு. போனமுறை எழுதிக் கொடுத்ததில் மிச்சமிருக்கும் பிரெட்னிசோலோன் நாய் வளர்க்கும் வீடுகளில் எங்காவது ஒரு டப்பாவில் இருக்கும். அது எதையும் அடக்கும். நாய் சொறிந்துகொண்டே இருக்கிறது, ஒரு மாத்திரை போட்டதும் நின்றுவிடுகிறது. உணவு ஒவ்வாமையில் வரும் அரிப்பும் குறையும், சொறிப்பூச்சியால் வரும் அரிப்பும் கொஞ்சம் குறையும். நின்றதை வைத்து எது என்று சொல்லவே முடியாது. டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி தோலுக்குள் இருந்தால், ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து அதற்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கும்போது கொடுத்தால் இன்னும் கேடு. அது லிம்போமா புற்றுநோயாக இருந்தால் நெறி சுருங்கும், நாய் துள்ளும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் சதை எடுத்துச் சோதித்தால் முடிவு தெளிவாக வராது. பின்னால் கொடுக்கப்போகும் கீமோதெரபிக்கும் நோய் சரியாகப் பணியாது. போதாக்குறைக்கு, ஸ்டீராய்டே நாயை நிறையத் தண்ணீர் குடிக்க வைக்கும், அடிக்கடி மூத்திரம் போகவைக்கும், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகளை ஏற்றிக் காட்டும். உடனே "சுகரா, கிட்னியா" என்று இல்லாத நோயைத் தேடி ஓடுவோம். நாய்க்கான வலி மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் புண் வரலாம். இதைப் படித்துவிட்டு, மருத்துவர் சொல்லி நாள்கணக்கில் கொடுத்துவரும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

இப்போது நான் என்ன செய்கிறேன்? முதல் மாத்திரைக்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதைக் கொடுப்பதற்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டிய சாம்பிள் ஏதாவது இருக்கா?" ரத்தமோ, மூத்திரமோ, தோல் சுரண்டலோ, ஊசியில் உறிஞ்சிய துளியோ, மருந்து உள்ளே போவதற்கு முன் எடுத்தால்தான் உண்மையைப் பேசும். ஒரு நோட்டில் என்ன மருந்து, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எப்போது அமுங்கியது, நிறுத்திய எத்தனையாம் நாள் திரும்ப வந்தது என்று எழுதுகிறேன். கடைசியாகச் சொன்ன அந்த எண் முக்கியம். மணிக்கு அதை எழுதியிருந்தால், மூன்றாவது வரி எழுதும்போதே பிடிபட்டிருக்கும். மருத்துவரை மாற்றினால் நோட்டும் கூடவே போகிறது.

ஒரே நாளில் ஐந்தை மாற்றுவது

சாப்பாடு, ஷாம்பு, படுக்கை விரிப்பு, எண்ணெய், மாத்திரை எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், அரிப்பு நின்றாலும் எதனால் நின்றது என்று ஆயுசுக்கும் தெரியாது. உணவு ஒவ்வாமையா என்று பார்க்க, மருத்துவர் சொன்ன உணவை மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். ஏழாவது வாரம் தாத்தா ஆசையாக ஒரு பிஸ்கெட் போட்டால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து.

மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது

தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம்.

"சாப்பிடுதே, வாலாட்டுதே!"

பல் உடைந்த ஏழு மாதமும் மணி ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருந்ததில்லை.

கட்டியைத் தடவிப் பார்த்து "வெறும் கொழுப்புதான்" என்பது

மெத்தென்று நழுவுகிறது, வலிக்கவில்லை, எனவே கொழுப்புக்கட்டி. மாஸ்ட் செல் புற்றுநோய்க் கட்டியும் அதே மாதிரி மெத்தென்று இருக்கும். அதிலும் அது ஒருநாள் பெரிதாகி மறுநாள் சிறிதாகும், நாமும் பூச்சிக்கடி என்று நினைத்துக்கொள்வோம். மெல்லிய ஊசியால் உறிஞ்சி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது சில நிமிட வேலை, பெரும்பாலும் மயக்கமருந்துகூட வேண்டாம். விரலை நம்பாதீர்கள். அனுபவமுள்ள மருத்துவர்களே தங்கள் விரலை நம்புவதில்லை.

வயதான நாய் விழுந்ததும் முடிவுரை எழுதுவது

தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி இடவலமாகத் துடித்து, நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி விழும். பார்த்ததும் பக்கவாதம், இனி கருணைக்கொலைதான் என்று அழுதுகொண்டே வருவார்கள். சமநிலை உறுப்பில் வரும் கோளாறாக இருந்தால் பல நாய்கள் இரண்டு மூன்று நாளில் தேற ஆரம்பித்து, சில வாரங்களில் நடமாடிவிடும், தலை கொஞ்சம் சாய்ந்தபடியே இருந்தாலும். நடுக்காதில் சீழ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் பழைய காதுச் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள், சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும்.

துப்பறியக் கூடாத நேரத்தில் துப்பறிவது

வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்து ஒன்றுமே வராமல் தவிப்பது, ஈறு வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, மூத்திரம் அடியோடு நிற்பது, வலிப்பு 5 நிமிடம் தாண்டுவது. கிளம்புங்கள்.

பழைய நாயின் நோயைப் புது நாய்க்கு ஒட்டுவது

அந்தத் தம்பியிடம் நான் அடித்துச் சொன்னேன், "பல்லுதான். எழுதி வெச்சுக்கோ." அவன் என் எதிரிலேயே மேலுதட்டைத் தூக்கினான். பல் எல்லாம் சுத்தமாக, வெள்ளையாக, முழுசாக இருந்தன. வெளியே தெரியாத விரிசல் இருக்கும், எக்ஸ்ரே எடு என்றேன். எடுத்தான், வேரிலும் ஒன்றுமில்லை. மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர் வாய்க்குள் துழாவியதில், கடைசிப் பல்லுக்குப் பின்னால் சதைக்குள் புதைந்திருந்த ஒரு மரச்சில்லு அகப்பட்டது. குச்சியைத் தூக்கிப் போட்டுக் கவ்வச் சொல்லி விளையாடும்போது குத்தியிருக்கிறது, இரண்டு மாதத்துக்கு முன்னால்.

தம்பி படம் அனுப்பியிருந்தான். சில்லு ஒரு தீக்குச்சியில் பாதி நீளம்கூட இல்லை. கீழே, "பல்லு இல்லக்கா" என்று மட்டும் எழுதியிருந்தான்.