மாதிரி அரசியல் நிர்ணய சபை: எங்கே சறுக்குகிறது?

அரசியலமைப்பு நாளான நவம்பர் 26-ஐ ஒட்டித் தில்லியில் தமிழ்ப் பள்ளியிலோ கல்லூரித் தமிழ் மன்றத்திலோ மாதிரி அரசியல் நிர்ணய சபை (நம் அரசியலமைப்பை உருவாக்கிய அவையை மாணவர்கள் நடித்துப் பார்ப்பது) நடத்த நினைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, அதைப் பேச்சுப் போட்டியாக்கிவிடுவது. மொழி, மதம், இட ஒதுக்கீடு என்று தலைப்பு கொடுத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஒரு சட்டப் பிரிவுகூட உருவாகாது.

1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அவையில் வைத்தது 315 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட அச்சிட்ட வரைவு. அதற்கு முன்பே பல குழுக்களின் அறிக்கைகளை அவை விவாதித்து முடித்திருந்தது. அவையின் அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947 அக்டோபரில் முதல் வரைவைத் தயாரித்தார். அம்பேத்கர் தலைமையில் ஏழு பேர் கொண்ட வரைவுக் குழு அதைத் திருத்தி எழுதியது. ஆகவே உங்கள் அவையிலும் விவாதத்துக்கு ஒரு வாரம் முன்பே வரைவு எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். நாற்பது மாணவர்கள் என்றால் ஐந்து பேரை வரைவுக் குழுவாகவும், ஒருவரை அவைத் தலைவராகவும், இருவரைக் குறிப்பெடுக்கவும் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மூன்று பிரிவுகள் போதும். பத்து பிரிவுகளை எடுத்துக்கொண்டு திணறுவது இன்னொரு வழக்கமான பிழை.

அடுத்த தவறுதான் மிகப் பெரியது: வாசகம் இல்லாத எதிர்ப்பு. “இந்தப் பிரிவு சரியில்லை” என்பதை அவைத் தலைவர் ஏற்கவே கூடாது. எந்தச் சொல்லை நீக்க வேண்டும், அந்த இடத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்று முதல் நாளே எழுதித் தந்தால்தான் அது திருத்தம். உண்மையான அவைக்கு 7,635 திருத்தங்கள் வந்தன. அவற்றில் 2,473 முன்மொழியப்பட்டன. அரசியலமைப்பு உருவானது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்று காட்ட, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். “சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறைப்படி” பறிக்கலாம் என்றது வரைவு. சட்டமன்றம் நினைத்தால் எந்த நெறிமுறையையும் இயற்றிவிடுமே, நீதிமன்றம் நியாயம் பார்க்க இடம் வேண்டாமா என்று கேட்டவர்கள் “உரிய சட்ட நெறிமுறை” என்று மாற்றக் கோரினார்கள். வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வரைவு வாசகத்தின் பக்கம் நின்றார். அம்பேத்கர் இரு தரப்பு ஆபத்தையும் எடுத்துச் சொல்லி முடிவை அவையிடமே விட்டார். 1948 டிசம்பர் 13 அன்று திருத்தம் தோற்றது. ஆனால் அதோடு முடியவில்லை: கைதானவருக்குச் சில பாதுகாப்புகள் தரும் புதிய பிரிவை 1949 செப்டம்பரில் அம்பேத்கரே கொண்டுவந்தார். அதுவே இன்றைய 22-ஆம் பிரிவு. தோற்ற திருத்தத்தின் கவலையை வேறு வாசகத்தில் ஏற்பதும் அவை நடத்தும் கலைதான். இதை மாணவர்கள் செய்து பார்த்தே தீர வேண்டும்.

விவாதப் பதிவுகளைத் தேடும்போது எண்ணில் ஏமாறுவார்கள். மேலே சொன்ன பிரிவு இன்று 21. அன்றைய வரைவில் 15. தீண்டாமை ஒழிப்பு 17 அல்ல, 11. “அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும்” என்று அம்பேத்கர் சொன்ன 32-ஆம் பிரிவை அன்றைய பக்கங்களில் 25 என்றுதான் தேட வேண்டும். வரைவு எண், இறுதி எண் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசிக் குழப்பம் ஒப்புதலில். அமெரிக்காவில் 1787-இல் மாநாடு கையெழுத்திட்ட பிறகு, 13 மாநிலங்களில் 9 ஏற்றால்தான் அமலாகும் என்ற விதி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நம் மாகாணச் சட்டமன்றங்களும் தனித்தனியே ஒப்புதல் அளித்ததாகக் காட்சி அமைக்காதீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏற்கும் அதிகாரம் அவையிடமே இருந்தது. பொது வாக்கெடுப்பும் கிடையாது.

மூன்று தேதிகளையும் பிரித்துக் காட்டுங்கள்: 1949 நவம்பர் 26 ஏற்பு, 1950 ஜனவரி 24 கையெழுத்து, ஜனவரி 26 அமல். குடியுரிமை, தேர்தல் போன்ற சில பிரிவுகள் மட்டும் ஏற்ற நாளிலேயே நடைமுறைக்கு வந்தன. தேர்தலுக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே தொடங்க வேண்டியிருந்ததே. இதைச் சொல்வது 394-ஆம் பிரிவு. உங்கள் வரைவிலும் எது உடனே, எது பின்னர் என்று சொல்லும் கடைசிப் பிரிவை மாணவர்களே எழுதி, அதையும் வாக்கெடுப்புக்கு விடட்டும்.