கொல்லைப்புறத்தில் ஒரு தண்ணீர்த் தட்டு: வைப்பதும் பார்ப்பதும்

நகரத்து வீட்டுக் கொல்லைக்குப் பறவைகளும் அணில்களும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் தானியம் தூவுகிறார்கள். அதை ஒத்திவையுங்கள். தானியத்துக்கு வருபவை தானியம் தின்னும் சில இனங்கள் மட்டுமே. புறாக் கூட்டம் வந்து சிறியவற்றை விரட்டிவிடும், இரவில் சிந்திக் கிடப்பதைத் தேடி எலி வரும். தண்ணீருக்கோ எல்லாம் வரும்: பூச்சி பிடிப்பவை, பழம் தின்பவை, தேன் குடிப்பவை, அணில், தேனீ, குளவி, பட்டாம்பூச்சி. இரண்டடிக்கு இரண்டடி இடம் இருந்தால் போதும்.

தட்டு

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டே சிறந்தது. 35 செ.மீ. அகலமும் 5 செ.மீ. ஆழமும் இருக்கட்டும். மெருகு பூசாததாகப் பார்த்து வாங்குங்கள். மெருகு பூசியதிலும் பிளாஸ்டிக்கிலும் பறவைக்குக் கால் வழுக்கும். வழுக்கும் இடத்தில் அது குளிக்காது, விளிம்பில் நின்று ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடும். உலோகத் தட்டு வெயிலில் சுடும். மண் தட்டு நீரைக் கொஞ்சம் கசியவிட்டுத் தானே குளிர்ந்துகொள்ளும்.

சிட்டுக்குருவி அளவுள்ள பறவைக்கு 2.5 செ.மீ. ஆழமே குளிக்கப் போதும். தட்டின் ஒரு பக்கத்தில் சொரசொரப்பான கற்களை அடுக்கிச் சரிவு உண்டாக்குங்கள்: ஒரு முனையில் 1 செ.மீ. ஆழம், மறுமுனையில் 4 செ.மீ. ஒன்றிரண்டு கற்கள் நீருக்கு மேலே தலைகாட்ட வேண்டும். அவை தேனீக்களுக்கு. நிற்க இடம் இல்லாவிட்டால் அவை மூழ்கிச் செத்துப்போகும்.

இடம்

பூனை நடமாட்டம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். புதருக்கு ஒட்டினாற்போல் தட்டை வைத்தால் பூனைக்குப் பதுங்க இடம் கிடைக்கும். வெட்டவெளியில் வைத்தால் பறவை இறங்கவே தயங்கும். அடர்ந்த செடியிலிருந்து 2 முதல் 3 மீட்டர் தள்ளி, மேலே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். நனைந்த சிறகோடு பறவையால் வேகமாகப் பறக்க முடியாது, அந்தக் கிளைவரை போனால் தப்பித்துவிடும். பூனை தினமும் வருகிறது என்றால் தரையில் வைக்கவே வேண்டாம். ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள வழவழப்பான குழாய்க் கம்பத்தின் மேல் வையுங்கள்.

அடுத்தது கண்ணாடி ஜன்னல். அதில் தெரியும் வானத்தை உண்மை என்று நம்பிப் பறவை வந்து மோதும். தட்டு ஜன்னலிலிருந்து 1 மீட்டருக்குள் இருந்தால் கிளம்பிய பறவைக்கு வேகம் எடுக்க இடமில்லை, அடி பலமாகப் படாது. இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து. வேறு வழியில்லை என்றால் கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுங்கள். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கரை ஒட்டிவைப்பதால் பயன் இல்லை, பறவை அதைச் சுற்றிக்கொண்டு மீதிக் கண்ணாடியில் மோதும்.

நண்பகல் வெயில் படாத இடம் நல்லது.

சொட்டு

தட்டு வைத்து ஒரு வாரம் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: அசையாத தண்ணீர் மேலிருந்து பார்க்கையில் எளிதில் கண்ணில் படாது. ஒரு சொட்டு விழுந்து வளையம் விரிந்தால், அந்தச் சின்னச் சத்தமும் பளபளப்பும் பறவையை இழுத்துவிடும். சூரிய ஒளியில் இயங்கும் குட்டி நீரூற்றுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். மேகம் மூடினால் நின்றுவிடும், இலைத்தூசி அடைத்துக்கொள்ளும். மருத்துவமனையில் பயன்படும் டிரிப்ஸ் செட் அதைவிட மலிவு, சொட்டை எண்ணியும் விடலாம். மருந்துக் கடையில் புதிதாகவே வாங்குங்கள், பயன்படுத்தியதைத் தொடவேண்டாம்.

2 லிட்டர் பாட்டிலின் மூடியில் சூடான ஆணியால் ஒரு துளை போடுங்கள். செட்டின் கூர்முனையைவிட அது ஒரு மயிரிழை சிறியதாக இருக்கட்டும், அப்போதுதான் இறுக்கமாக நிற்கும். பாட்டிலை நிரப்பி, கூர்முனையைச் செருகி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலருக்கும் சிக்கல். ஐந்து நிமிடம் சொட்டிவிட்டு நின்றுவிடும், பாட்டில் உள்பக்கமாக நசுங்கும். குழாய் அடைத்துவிட்டது என்று நினைத்து, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை முழுவதும் திறப்பார்கள், அப்போதும் வராது. குழாயில் கோளாறு எதுவும் இல்லை. வெளியேறிய நீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். இப்போது மேலே இருக்கும் பாட்டிலின் அடிப்பாகத்தில் ஓர் ஊசித்துளை போட்டால் சரியாகிவிடும். பெரிய ஓட்டையாகப் போட்டுவிடாதீர்கள், கொசு உள்ளே போய் முட்டையிடும்.

இன்னொன்று, கூர்முனைக்குக் கீழே சொட்டு விழும் ஒளிபுகும் அறை. அதை விரலால் அழுத்தி விட்டால் நீர் ஏறும், பாதிவரை நிரப்புங்கள். காலியாக இருந்தால் குழாய்க்குள் காற்றுக்குமிழி இறங்கி ஓட்டம் விட்டுவிட்டு வரும், முழுக்க நிரம்பினால் சொட்டை எண்ண முடியாது.

உறையில் 20 சொட்டு ஒரு மில்லி என்று அச்சிட்டிருந்தால் கணக்கு இப்படி: இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 90 மில்லி. 2 லிட்டர் ஏறக்குறைய 22 மணி நேரம் வரும். நீர்மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும் என்பதால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். ஆக, நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். குழாய் முனையை நீருக்கு 30 செ.மீ. மேலே, ஆழமான பக்கம் பார்த்து, ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள். பாட்டிலைக் கறுப்புத் துணியால் சுற்றினால் பாசி பிடிக்காது.

தட்டு நிரம்பி வழியும். வழியட்டும். வழியும் பக்கத்து மண்ணைக் கொத்திவிட்டால் அது எப்போதும் சேறாக இருக்கும். பட்டாம்பூச்சிகள், பெரும்பாலும் ஆண்கள், அந்த ஈரத்தில் உட்கார்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும்.

கழுவுதல்

தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மேலே மேலே ஊற்றி நிரப்புவது போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் முட்டையை ஒட்டவைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, நீர் பட்டதும் பொரியும். அதனால் விளிம்பைத்தான் அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு பங்கு வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காயவிடுங்கள். சோப்பு வேண்டாம். அதன் படலம் இறகிலுள்ள எண்ணெயை எடுத்துவிடும்.

இறகைப் பந்துபோல் உப்பிக்கொண்டு, ஆள் அருகே போனாலும் நகராமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அது நோயுற்றிருக்கலாம். தட்டை உடனே எடுத்துக் கழுவி, இரண்டு வாரம் வைக்காதீர்கள். ஒரே தண்ணீரில் பல அலகுகள் படுவதால் நோய் பரவும்.

பார்ப்பது

தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, 5 மீட்டர் தூரம். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். இரண்டு கண்ணும் தன்மேல் நிலைத்தால் பறவை அதை வேட்டைப் பார்வையாக எடுத்துக்கொள்ளும். பைனாகுலர் வாங்குவதென்றால் 8×32 எடுங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 32 மி.மீ. அகலம். 10 மடங்கில் கை நடுக்கம் அதிகம் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கொல்லைக்கு முக்கியமானது எவ்வளவு அருகில் தெளிவாகக் காட்டும் என்பது. 2 மீட்டருக்குள் காட்டாததை வாங்காதீர்கள்.

முதலில் குடிப்பதைக் கவனியுங்கள். சிட்டுக்குருவி அலகில் நீரை எடுத்துத் தலையை அண்ணாந்து விழுங்கும். புறா அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். பிறகு குளியல்: மார்பை முக்கி, சிறகை அடித்து, கிளைக்குப் போய், முதுகில் வால் தொடங்கும் இடத்திலுள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து ஒவ்வோர் இறகாகக் கோதும். இந்தக் கோதல் குளியலைவிட நீளமானது. அதைப் பார்க்காமல் எழுந்து போய்விடாதீர்கள். பல இனப் பறவைகள் சேர்ந்து ஓரிடத்தைப் பார்த்துக் கத்தினால் அவை பார்க்கும் திசையில் தேடுங்கள். பூனையோ பாம்போ அங்கே இருக்கும்.

பின்சேர்க்கை

காகம் காய்ந்த ரொட்டியைக் கொண்டுவந்து தட்டில் ஊறப்போடுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது அதன் வழக்கம், நிறுத்த முடியாது. காகத்துக்கென்று தனியாக ஓர் ஆழமான சட்டியைத் தள்ளி வையுங்கள். மாலையில் ஒருமுறை கூடுதலாகக் கழுவுங்கள்.

தட்டருகே குஞ்சு கிடந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் வந்தது. உடல் முழுக்க இறகு முளைத்து, தத்தித் தாவினால் அது பறக்கப் பழகுகிறது; பூனையை உள்ளே அடைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் வந்து ஊட்டும். இறகே இல்லாத குஞ்சென்றால் கூட்டைத் தேடி, கையால் எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.