சார்ஜ் கார்டு திடீரென முடங்கினால்: அமெரிக்காவில் வாழ்வோருக்கு ஒரு வழிகாட்டி

கிரெடிட் கார்டில் இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று ஒரு தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சார்ஜ் கார்டில் அப்படி ஒரு தொகை இருக்காது. ஒவ்வொரு மாதமும் வரும் பில்லை முழுவதுமாகக் கட்டிவிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1950-இல் டைனர்ஸ் கிளப் தொடங்கி வைத்ததும், 1958-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கையில் எடுத்ததும் இந்த முறைதான். தொகை குறிப்பிடப்படவில்லை என்பதால் வரம்பே கிடையாது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சென்னை செல்ல டிக்கெட் எடுக்கும்போதோ, மருத்துவமனையில் பெரிய தொகை கட்டும்போதோ கார்டு மறுக்கப்படும்போதுதான் உண்மை தெரியவருகிறது.

வரம்பு இருக்கிறது, ஆனால் அது நிலையாக இல்லை. நீங்கள் கார்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், உங்கள் வழக்கமான செலவு, இதுவரை பில் கட்டிய விதம், இப்போது நிலுவையில் உள்ள தொகை, கடன் அறிக்கை (கிரெடிட் ரிப்போர்ட்), விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய வருமானம் ஆகியவற்றை வைத்து, கார்டைத் தந்த நிறுவனமான வழங்குநரின் கணினி அந்த நொடியில் முடிவெடுக்கிறது. மாதம் 1,500 டாலர் செலவழிப்பவர் ஒரே நாளில் 9,000 டாலருக்குப் பொருள் வாங்க முயன்றால், அவர் ஒரு தவணைகூடத் தவறாதவராக இருந்தாலும் மறுப்பு வரலாம். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் கோல்டு, பிளாட்டினம் போன்ற கார்டுகளில், தகுதியுள்ள செலவுகளை வட்டியோடு பிறகு கட்டும் 'பே ஓவர் டைம்' வசதிக்கென ஒரு வரம்பு கணக்கில் காட்டப்படும். அது அந்த வசதிக்கான வரம்பு மட்டுமே. கார்டில் மொத்தம் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அது சொல்வதில்லை.

ஆகவே பெரிய செலவுக்கு முன் கேட்டுக்கொள்வதுதான் முதல் வேலை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கணக்கில் 'செக் ஸ்பெண்டிங் பவர்' என்ற வசதி இருக்கிறது. நான்கு டிக்கெட்டுக்கு 7,500 டாலர் ஆகும் என்றால் அந்தத் தொகையை அதில் இட்டுப் பார்த்தால், அங்கீகரிக்கப்படுமா என்பதற்கு உடனே பதில் வரும்; இதனால் கிரெடிட் ஸ்கோர் குறையாது. அந்தப் பதில் அந்த நேரத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், டிக்கெட் எடுக்கப்போகும் நாளிலேயே பார்ப்பது நல்லது. பதில் பாதகமாக வந்தால், நிலுவையில் உள்ள தொகையை பில் தேதிக்குக் காத்திராமல் கட்டிவிட்டு, பணம் கணக்கில் ஏறியபின் மறுபடி பார்க்கலாம். ஹோட்டலும் வாடகைக் கார் நிறுவனமும் முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகையும் உங்கள் செலவுத் திறனைக் குறைக்கும் என்பதைப் பயணத்தின்போது கணக்கில் கொள்ளுங்கள்.

கார்டு மறுக்கப்பட்டுவிட்டால், பதற்றத்தில் அதையே திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள். கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்து, இது எந்த வகை முடக்கம் என்று கேளுங்கள். குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வந்த எண்ணை அழைக்க வேண்டாம்; கார்டு முடங்கியதாகச் சொல்லி விவரங்களைப் பறிக்கும் கும்பல்கள் நிறைய இருக்கின்றன. மோசடிச் சந்தேகத்தால் வந்த தடை என்றால், அந்தச் செலவை நீங்களே செய்ததாக உறுதிசெய்தால் பெரும்பாலும் உடனே நீங்கும். தவணை தவறியதால் வந்தது என்றால் நிலுவையைக் கட்ட வேண்டும். நீங்கள் கட்டிய பணம் வங்கியிலிருந்து திரும்பிவிட்டதால் வந்தது என்றால் நிலைமை சற்றுக் கடினம். வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் இது நேரலாம், அதன்பின் கட்டும் பணம் வசூலாகும் வரை வழங்குநர் கார்டைத் திறக்காமல் வைத்திருக்கக்கூடும். புதிய வங்கிக் கணக்கை இணைத்தவர்கள் முதலில் சிறு தொகையைக் கட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

நான்காவது வகையான நிதிநிலை ஆய்வுதான் மக்களை அதிகம் கலங்கவைப்பது. விண்ணப்பத்தில் சொன்ன வருமானத்துக்கும் செலவுக்கும் பொருத்தமில்லை என்று வழங்குநர் கருதினால், அவரிடம் நீங்கள் வைத்துள்ள எல்லாக் கார்டுகளையும் ஒருசேர நிறுத்திவிட்டு ஆவணங்கள் கேட்கலாம். வழக்கமாகக் கேட்கப்படுவது 4506-சி என்ற படிவம். வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடமிருந்து உங்கள் வரி விவரங்களைப் பெற நீங்கள் தரும் அனுமதி அது. எந்தெந்த ஆண்டுகள் என்பது நிரப்பப்படாமல் அதில் கையெழுத்திடாதீர்கள். ஆவணம் தர மறுத்தால் கணக்கு மூடப்படலாம். கார்டில் செலவழித்துச் சேர்த்து வைத்த வெகுமதிப் புள்ளிகளும் கையை விட்டுப் போகலாம். மறைக்க எதுவும் இல்லாதவர்கள் விரைந்து ஒத்துழைப்பதே நல்லது என்பது என் கருத்து.

புதிதாக வந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செப்டம்பரில் வேலையில் சேர்ந்த ஒருவர் விண்ணப்பத்தில் முழு ஆண்டுச் சம்பளத்தை எழுதியிருப்பார். அந்த ஆண்டின் வரித் தாக்கலிலோ நான்கு மாதச் சம்பளம்தான் இருக்கும். தவறு எதுவும் செய்யாமலேயே இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும். வேலை நியமனக் கடிதத்தையும் அண்மைய சம்பளச் சீட்டுகளையும் ஒரு சிறு விளக்கக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினால் இந்த ஐயம் தீரும். 21 வயது நிரம்பியவர்கள், தாங்கள் நியாயமாகப் பயன்படுத்தக்கூடிய துணைவரின் வருமானத்தையும் விண்ணப்பத்தில் காட்டலாம். அப்படிக் காட்டியிருந்தால் அதற்கான சான்றையும் கையில் வைத்திருங்கள்.

பெயரும் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு விதமாகவும், ஓட்டுநர் உரிமத்தில் தந்தை பெயரோடு இன்னொரு விதமாகவும், வங்கிக் கணக்கில் இனிஷியலோடு வேறொரு விதமாகவும் பெயர் பதிந்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். அடையாளச் சரிபார்ப்பின்போது இந்த வேறுபாடே தடையாகிவிடும். கார்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இவற்றை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

முடக்கம் நீடிக்கும்போதும் பில் தேதி நிற்பதில்லை. வர வேண்டிய தவணையைக் கட்டாயம் கட்டுங்கள். காப்பீடு, தொலைபேசி, சுங்கச்சாவடிக் கணக்கு என்று அந்தக் கார்டில் தானாகக் கழியும் கட்டணங்களை அன்றே வேறு கார்டுக்கு மாற்றுங்கள். உங்கள் கணக்கில் துணைக் கார்டு வைத்திருக்கும் பெற்றோரிடமோ பிள்ளைகளிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுடைய கார்டும் வேலை செய்யாமல் போகலாம்.

சட்டமும் உங்களுக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. 1974-இன் சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தின்படி, கணக்கை மூடினாலோ நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றினாலோ, வழங்குநர் 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து, குறிப்பான காரணங்களையோ அவற்றைக் கேட்டுப்பெறும் உரிமையையோ உங்களுக்குத் தர வேண்டும். காரணம் குறிப்பிடப்படாத கடிதம் வந்தால் 60 நாட்களுக்குள் கேளுங்கள். தவணை தவறிய கணக்குக்கும், கடையில் ஒரு முறை மறுக்கப்பட்ட செலவுக்கும் இது பொதுவாகப் பொருந்தாது. கடன் அறிக்கையைப் பார்த்து அம்முடிவு எடுக்கப்பட்டிருந்தால், அதை வழங்கிய நிறுவனத்திடமிருந்து 60 நாட்களுக்குள் இலவசப் பிரதி பெறலாம். அதில் பிழை இருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். பொதுவாக 30 நாட்களில் அவர்கள் விசாரித்தாக வேண்டும்.

வழங்குநரிடம் பேசிப் பலனில்லை என்றால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியின் இணையதளத்தில் புகார் பதியலாம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நேஷனல் பேங்க் போன்ற தேசிய வங்கிகள் மீது அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஓசிசியிடமும் முறையிடலாம். கார்டு முடங்கிய தேதி, நீங்கள் அழைத்த நாட்கள், பேசியவர் தந்த குறிப்பு எண், அனுப்பிய ஆவணங்களின் பட்டியல், பணம் கட்டியதற்கான வங்கி ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதி, நீங்கள் கேட்பது கார்டைத் திறப்பதா, காரணத்தை எழுத்தில் தருவதா, புள்ளிகளைத் திருப்பித் தருவதா என்பதையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.