மொரீஷியஸின் எரிமலை வாய்களைப் பார்க்க ஒரு நாள்: எங்கே தொடங்குவது, எப்படிப் போவது

மொரீஷியஸில் இருக்கும் தமிழர்களில் கங்கா தலாவ் ஏரிக்குப் போகாதவர்கள் குறைவு. ஆனால் போய்வந்தவர்களிடம் "நீங்கள் நின்ற இடம் எரிமலையின் வாய், தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், பல பேர் முழிப்பார்கள். காரை நிறுத்தி, பெரிய சிவன் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்து, தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டு, குரங்குக்குப் பயந்து தேங்காயைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். அந்தத் தண்ணீர் ஏன் அந்தக் குழியில் நிற்கிறது, அந்தக் குழி எப்படி வந்தது, அங்கே பரிகள் என்னும் தேவகன்னியர் ஆடினார்கள் என்ற கதை எப்படிக் கங்கை இறங்கினாள் என்ற கதையாக வளர்ந்தது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அந்த ஏரி முழுசாகத் தெரியும். அதனால் நான் யாருக்கு வழி சொன்னாலும் முதலில் சொல்வது இதுதான்: ஏரியிலிருந்து தொடங்காதீர்கள், தண்ணீர் அதிகம் இல்லாத ஒரு எரிமலை வாயைப் பார்த்துவிட்டு அப்புறம் ஏரிக்குப் போங்கள்.

கொஞ்சம் பின்னணி. இந்தத் தீவு முழுக்கவே கடலடியிலிருந்து எழுந்த எரிமலைதான், வயது ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டு. ஒரே மூச்சில் எரிந்து அணைந்ததல்ல. நடுவில் நீண்ட காலம் ஓய்ந்து மறுபடி மறுபடி எரிந்திருக்கிறது. கடைசிக் கட்டம் சுமார் 7 லட்சம் ஆண்டுக்கு முன் தொடங்கியது. அப்போது தீவின் நடுவே ஒரு நீண்ட பிளவு வழியாக வரிசையாகப் பல வாய்கள் திறந்தன. வரைபடத்தில் பாசென் பிளாங், கிராண்ட் பாசென் என்கிற நம் கங்கா தலாவ், கனாகா, க்யூர்பீப்பில் இருக்கும் த்ரூ ஓ செர்ஃப் ஆகியவற்றைக் குறித்துப் பாருங்கள், தெற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். இந்த நாலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், கார் இருந்தால். பஸ்ஸில் போகிறவர்கள் த்ரூ ஓ செர்ஃபையும் கங்கா தலாவையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டுக்கும் பஸ்ஸை நம்ப முடியாது.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். மேட்டு நிலத்தில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். கடற்கரையில் வெயில் கொளுத்துகிறதே என்று கிளம்பி க்யூர்பீப் வந்ததும் தூறலில் நனைவது இங்கே எல்லோருக்கும் நடப்பதுதான். ஒரு மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், வழுக்காத செருப்பு அல்லது ஷூ. ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர் உண்மையாகவே இருக்கும், குழந்தைகளுக்குக் காதை மூட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் போனால் புயல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

த்ரூ ஓ செர்ஃப் க்யூர்பீப் ஊருக்குள்ளேயே இருக்கிறது, ஊர் நடுவிலிருந்து நடந்தே போய்விடலாம். மேலே வந்ததும் உடனே தூரத்து மலைகளைப் பார்க்கத் தோன்றும். வானம் தெளிவாக இருந்தால் த்ரூவா மாமெல் மலையின் மூன்று கூம்பும் ராம்பார் மலையும் அழகாகத் தெரியும், அது சரி. ஆனால் முதலில் உள்பக்கம் பாருங்கள். விளிம்பைச் சுற்றி வட்டமாகச் சாலை போகிறது, காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் அதில்தான் சுற்றுவார்கள். நீங்களும் ஒரு முழுச் சுற்று வாருங்கள். நடந்து முடிக்கும்போது இந்த வாயின் அளவு காலுக்கே புரிந்துவிடும், குறுக்களவு 300 மீட்டருக்கு மேல். உள்ளே சரிவெல்லாம் மரம், அடியில் மண் படிந்து தூர்ந்துபோன ஒரு குட்டை. ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கிய தொண்டை அது. உள்ளே இறங்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சரிவு செங்குத்து, மழைக்குப் பின் மண் சேறாகிவிடும், ஏறி வர முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். விளிம்பிலிருந்து பார்த்தாலே போதும்.

பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு தெற்கே கிளம்புங்கள். வழியில் மார் ஓ வாக்வா வரும், பெரிய நீர்ப்பரப்பு. இதையும் எரிமலை வாய் ஏரி என்று குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அது தண்ணீர் விநியோகத்துக்காகக் கட்டிய தேக்கம், நாட்டிலேயே பெரியது. நிறுத்த வேண்டியதில்லை.

கங்கா தலாவ் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 550 மீட்டரில் இருக்கிறது. நுழையும் வழியிலேயே மங்கள மகாதேவர் என்ற அந்தப் பெரிய சிவன் நிற்பார், 108 அடி, 2007-இல் திறந்தார்கள். அதே உயரத்துக்குத் துர்க்கை சிலை அப்புறம் வந்தது. கும்பிடுங்கள், ஆனால் அங்கேயே அரை மணி நேரம் கரைத்துவிடாதீர்கள். ஏரிக்கரைக்கு இறங்கி, ஒரு சுற்றுப் போய், பிறகு அனுமார் கோவில் இருக்கும் குன்றின் படிகளில் ஏறுங்கள். மூச்சு வாங்கும், வயதானவர்கள் நின்று நின்று ஏறட்டும். மேலே நின்று கீழே பார்க்கும்போது, காலையில் க்யூர்பீப்பில் பார்த்த அதே வட்டம்! அதே சரிவான விளிம்பு, இங்கே தண்ணீர் நிரம்பி நிற்கிறது. நான் இந்த வரிசையை வற்புறுத்துவது இந்த ஒரு நொடிக்காகத்தான். கீழே இருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் குளம். மேலே வந்தவர்களுக்கு மலையின் வாயே கண்ணில் படும்.

குன்றின் மேல் உட்கார்ந்து கதையைச் சொல்லுங்கள், கதைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கதைகள் இங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன, அந்த அடுக்கு கலையாமல் சொல்ல வேண்டும். முதலில் பரிகள். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் காலத்தில் இதற்குப் பரி தலாவ், அதாவது பரிகளின் ஏரி, என்று பெயர்; இரவில் தேவகன்னியர் இறங்கி வந்து இந்தத் தண்ணீரில் ஆடிப் பாடுவார்கள் என்று பேச்சு. சுற்றிலும் அடர்ந்த காடு, மூடுபனி, ஆள் நடமாட்டம் இல்லாத ஏரி, அப்படி ஒரு கதை பிறக்காமல் இருந்தால்தான் அதிசயம். அடுத்தது கனவு. 1897-இல் வடக்கே த்ரியோலே ஊர்ப் பூசாரி ஜும்மன் கிரி கோசாய் நபால் ஒரு கனவு கண்டார்: தெற்கே காட்டுக்குள் இருக்கும் ஓர் ஏரியின் நீர் கங்கையோடு சேர்ந்தது என்று. அதை நம்பி த்ரியோலேயிலிருந்து மனிதர்கள் காட்டைத் தாண்டி நடந்து வந்தார்கள். இன்று சிவராத்திரிக்கு லட்சக்கணக்கான பேர் நடப்பது அந்த நடையின் தொடர்ச்சிதான். கடைசியாக, 1972-இல் இந்தியாவில் கங்கை பிறக்கும் கோமுகத்திலிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் கலந்தார்கள், அதன்பின் கங்கா தலாவ் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே புராணக் கதை ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு போஜ்புரி நானிகளிடம், அதாவது பாட்டிகளிடம், கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்கள். சிவனும் பார்வதியும் உலகைச் சுற்றி வரும்போது இந்தத் தீவின் அழகைப் பார்த்து இறங்கினார்களாம். சிவன் சடையில் கங்கை இருக்கிறாள் அல்லவா, இறங்கும்போது சில துளிகள் சிந்தி ஒரு குழியில் விழுந்து ஏரியாகிவிட்டன. தன் நீர் ஆளில்லாத தீவில் வீணாகிறதே என்று கங்கை வருந்தினாள். "உன் கரையில் வாழ்பவர்கள் ஒரு நாள் இங்கே வந்து குடியேறுவார்கள், உன்னைத் தேடி வருவார்கள்" என்று சிவன் தேற்றினார். கப்பலேறி ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் சொல்லும் கதை என்பதை நினைத்தபடி கேளுங்கள். ஊரை இழந்து வந்த மனிதர்களுக்கு, நாங்கள் தற்செயலாக இங்கே வரவில்லை, எங்களுக்காக ஒரு குழியில் தண்ணீர் காத்திருந்தது என்று இந்தக் கதை சொல்கிறது. நம் ஆட்களில் சிலர் இது வடநாட்டவர் தலம், நமக்குக் காவடியும் முருகன் கோவிலும் போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சடையில் கங்கையை வைத்திருக்கும் சிவன் நமக்கும் சிவன்தான், கப்பல் வலியும் நமக்கும் உண்டு.

இனி கரையில் நடந்துகொள்ளும் முறை. அசைவம், மது எதையும் கொண்டு போகாதீர்கள். சன்னதிகளில் செருப்பைக் கழற்றிவிடுங்கள், முட்டி தெரியும் கால்சட்டை வேண்டாம். படிக்கட்டில் பாசி, காலை அழுத்தி வையுங்கள். பூவும் பழமும் வைத்துப் படைத்தால் குரங்குகள் உடனே வந்துவிடும். பையைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடாதீர்கள். ஏரியில் மீனும் விலாங்கும் இருக்கின்றன. படிக்கட்டில் அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மங்கலான தண்ணீருக்கடியில் கறுப்பாக ஒரு விலாங்கு வளைந்து வந்து, கல்லின் ஓரத்தை முகர்ந்துவிட்டுத் திரும்புவது தெரியும். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி மிதக்கவிடுவது அழகு, ஆனால் பிளாஸ்டிக் பை, ஊதுவத்தி டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். இது மூடிய குழி. கடலுக்கு அடித்துக்கொண்டு போக ஆறு கிடையாது, நாம் போடுவது அங்கேயேதான் கிடக்கும். இதைத் தெரிந்துகொண்டும் குப்பை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சிவராத்திரிக்கு நடந்து போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி அல்லது மார்ச், வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் காலம். வடக்கிலிருந்து நடந்தால் சில நாள் ஆகும், பழகாதவர்கள் க்யூர்பீப் பக்கத்திலிருந்து நடக்கட்டும். வழியெல்லாம் தண்ணீர், பழச்சாறு, சாப்பாடு என்று யாராவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், வெறும் கையோடு போனாலும் பசிக்காது. புதுச் செருப்பு வேண்டாம், இரவில் பளிச்சென்று தெரியும் உடை. யாத்திரையில் தூக்கிப்போகும் அலங்காரக் காவடியான கான்வரைப் பெரிதாகக் கட்டும் ஆசையை அடக்குங்கள். 2024-இல் யாத்திரை வண்டி ஒன்று மின்கம்பியில் உரசித் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். உயரத்தில் பக்தி இல்லை, தோளில் தூக்குகிற அளவே போதும். ஏரியை அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், சாதாரண வார நாளின் காலை நேரம்தான் சரி.

கங்கா தலாவிலிருந்து புவா ஷேரி பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் கனாகா இருக்கிறது. கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்குத்தான் இது. மண்பாதை, மழை பெய்திருந்தால் சேறு, இருபுறமும் சீனக் கொய்யாப் புதர். மேலே போனதும் வாய் முழுக்க மரம் மண்டிக் கிடக்கும். படம் எடுக்கப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, உண்மைதான், ஆனால் ஆளரவமே இல்லாமல் ஓர் எரிமலை வாயின் விளிம்பில் நிற்கும் அனுபவம் இங்கே மட்டும்தான். தனியாகப் போகாதீர்கள், பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். முடிந்ததும் புவா ஷேரியில் தேநீர் குடியுங்கள், 1892 முதல் தேயிலை விளையும் இடம், வனிலா வாசனைத் தேநீர் குளிருக்கு இதமாக இருக்கும்.

கடைசியாகப் பாசென் பிளாங். பிளேன் ஷாம்பாஞ் பக்கத்திலிருந்து ஷாமுனி நோக்கி இறங்கும் குறுகலான சாலையில், வளைவுகளுக்கு நடுவே மரங்களிடையில் திடீரென்று தெரியும் வட்ட ஏரி. கோவில் இல்லை, சிலை இல்லை, கடை இல்லை. பரி தலாவ் என்ற பெயர் இருந்த காலத்தில் கங்கா தலாவும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், அதனாலேயே இதைக் கடைசியில் வைத்தேன். சாலையில் அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், வளைவில் நிறுத்தினால் எதிரே வருபவருக்குத் தெரியாது. பறவைகள் பிடிக்கும் என்றால் ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள், இந்தத் தீவில் மட்டுமே வாழும் பச்சைக்கிளியை இந்தக் காட்டுப் பக்கம் பார்க்க வாய்ப்புண்டு. தண்ணீரில் இறங்க வேண்டாம், கரை எங்கே முடிகிறது என்று புதரில் தெரியாது. பெட்ரோலைக் க்யூர்பீப்பிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேட்டில் பங்க் தேடி அலையக் கூடாது. மூடுபனி இறங்கத் தொடங்கினால் காத்திருக்காமல் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஷாமுனிக்கு இறங்கிவிடுங்கள், அங்கிருந்து தெற்குக் கடற்கரைச் சாலை பக்கம்தான்.