சாக்கடைக்குப் போகிற சிட்ரோனெல்லா

போன ஞாயிற்றுக்கிழமை ரங்கூன் தாக்கேத்தாவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா தங்கை இரண்டு பேர் புதிதாகச் சோப்பு செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். "வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்கக்கா" என்று கூப்பிட்டிருந்தார்கள். மேசை மேல் நாற்பது கட்டி, இளம்பச்சை நிறம், ஒவ்வொன்றுக்கும் வாழைநார்க் கட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிட்ரோனெல்லாப் புல் எண்ணெயின் வாசனை மூக்கில் ஏறியது. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடியில் சீட்டு ஒட்டியிருந்தது: "இயற்கைக் கொசுவிரட்டி சோப்பு. குளித்தால் போதும், கொசு அண்டாது."

பெரியவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2015-ல் ஏறக்குறைய இதே வாசகத்தைத் தமிழில் ஒன்று, பர்மியில் ஒன்று என அச்சடித்து ஒட்டி விற்றவள் நான்.

கையுறை போடுங்கள், காஸ்டிக் சோடாவைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், தண்ணீரில் சோடாவைப் போடணுமே தவிர சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதெல்லாம் எந்த வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன். யாரும் சொல்லாமல் விடுவதும், சொன்னாலும் காதில் ஏறாததும்தான் கீழே.

கொசுவிரட்டியைச் சோப்பில் போடுவது

கணக்குப் போட்டுப் பாருங்கள். சோப்பில் வாசனை எண்ணெய் சேர்க்கிற அளவு, மொத்த எண்ணெயில் நூற்றுக்கு மூன்று பங்கு. அதைத் தாண்டினால் தோலுக்கு ஆகாது. தண்ணீரும் சோடாவும் சேர்ந்த பிறகு 100 கிராம் கட்டியில் இருப்பது சுமார் 2 கிராம். நாலிலிருந்து ஆறு வாரம் காய வைக்கிறோமே, அதில் பறந்து போவது போகட்டும். ஒரு குளியலில் ஐந்து கிராம் சோப்பு கரைகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் சிட்ரோனெல்லா இரண்டு சொட்டு. தலையிலிருந்து கால் வரைக்கும் இரண்டு சொட்டு! அதையும் பத்துச் செம்பு தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைத் துண்டால் துடைத்தெடுக்கிறோம்.

கொசுவிரட்டி எதுவானாலும் தோல் மேல் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். சோப்பின் வேலையோ தோலில் இருப்பதைக் கிளப்பித் தண்ணீரோடு அனுப்புவது. இதற்குள் அதைப் போடுவது ஓட்டைச் செம்பில் பால் கறக்கிற கதைதான். குளித்த பிறகும் மணக்கிறதே என்பீர்கள். மணக்கும். அது உங்கள் மூக்குக்கு. கொசு நம்மைக் கண்டுபிடிப்பது மூச்சுக் காற்றின் கரியமில வாயுவை வைத்து, வேர்வை வாடையை வைத்து, உடம்புச் சூட்டை வைத்து. அந்த மூன்றில் மூச்சு குளிக்கும்போதும் நிற்காது, வேர்வையும் சூடும் துவட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் பழையபடி வந்துவிடும்.

சரி, கழுவாமல் தோலிலேயே விட்டால்? அப்போதும் சிட்ரோனெல்லா ரொம்ப நேரம் நிற்காது. 2002-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த சோதனையில், மருந்து பூசிய கையைக் கொசுக் கூண்டுக்குள் நீட்டிப் பார்த்தார்கள். டீட் என்ற ரசாயனக் கொசுவிரட்டியை 24 சதவீத அளவில் பூசிய கையைச் சராசரி 5 மணி நேரம் கொசு தொடவில்லை. சிட்ரோனெல்லா பூச்சுகள் 20 நிமிஷம்கூடத் தாங்கவில்லை. 2 சதவீத சோயா எண்ணெய் கொண்ட ஒரு பூச்சு மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றது. இயற்கை இயற்கை என்று பேசுகிறவர்கள் யாரும் அந்தச் சோயாவைச் சொல்லி நான் கேட்டதில்லை. சமையல்கட்டு எண்ணெய்க்கு யார் காசு கொடுப்பார்கள்!

2023-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. நாலு கடைச் சோப்புகளைச் சிலர் தேய்த்துக் குளித்தார்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு அவர்கள் வாடையைக் காட்டினார்கள். ஒரே சோப்பு ஒருவரிடம் கொசுவைக் கூடுதலாக இழுத்தது, இன்னொருவரிடம் அப்படி இழுக்கவில்லை. அவரவர் உடம்பு வாடையோடு சோப்பு எப்படிச் சேருகிறது என்பதைப் பொறுத்தது. இப்படி இருக்கும்போது நாற்பது கட்டிக்கும் ஒரே சீட்டு எப்படி ஒட்டுவது?

இப்போது 2015. முதல் தடவை சோப்புக் காய்ச்சியதில் வந்த பத்துக் கட்டியை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயசு. காலையில் ஒரு குளியல், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு குளியல், இரண்டும் என் சோப்பில்தான். லீவு நாளில் மத்தியானம் தூங்கப் போட்டால் அக்கா கொசுவலையை இறக்கிக் கட்டுவாள். கரண்ட் போய் ஃபேன் நின்றால் வலைக்குள் வேகும், அவன் அழுவான். "இந்த சோப்புப் போட்ட பிறகு வலை எதுக்குக்கா, பாவம் புள்ள" என்று அதைச் சுருட்டி மேலே செருகியது என் கை. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என் சோப்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜூலையில் அவனுக்குக் காய்ச்சல். துவேலுன் தொக்குவே, அதாவது டெங்கு. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது, எல்லோரும் பெருமூச்சு விட்டோம். டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பதே காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வயிற்று வலி, விடாத வாந்தி, கைகால் சில்லிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அக்கா அங்கேயும் என் சோப்பால்தான் அவனைத் துடைத்துவிட்டிருந்தாள். நர்ஸ் ஊசி குத்தக் குனிந்தவள், "ம்வே லைத்தா" என்றாள், என்ன வாசனை என்று. பிள்ளையின் முழங்கைக்குக் கீழே வரிசையாக நாலு தடிப்பு, நேற்றைய கொசுக்கடி. வாசனையும் தடிப்பும் ஒரே கையில்.

பிழைத்து வந்துவிட்டான். அக்கா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதனால்தான் "கொஞ்சமாவது பிரயோஜனம் இருக்குமே அக்கா" என்று யாராவது இழுத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் ஜனங்கள் வலையைச் சுருட்டுகிறார்கள். வெறும் சோப்பு என்று நினைத்திருந்தால் நானும் அக்கா வீட்டு வலையைச் சுருட்டியிருக்க மாட்டேன்.

உண்மையிலேயே கொசுவை விரட்டுகிற சோப்பு என்று ஒன்று இருந்திருக்கிறது. அதில் 20 சதவீதம் டீட், 0.5 சதவீதம் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து. நுரைத்துத் தேய்த்துவிட்டுக் கழுவாமல் அப்படியே காய விடணும். பெயர்தான் சோப்பு, வேலை பூச்சு வேலை. இயற்கையும் கிடையாது.

சிட்ரோனெல்லா பிடிக்கும் என்றால் அதைக் கழுவாத பொருளில் போடுங்கள். 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 3 மில்லி, அவ்வளவுதான். வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசும்போது பூசிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு தரம் மறுபடி பூசணும், மழைக்காலத்தில் வலையை விடக் கூடாது. சோப்பைச் சோப்பாக விற்பது ஒன்றும் கேவலமில்லை.

வீசைக் கணக்கு

இது பர்மாவில் இருக்கிற நமக்கே உரிய தவறு. இங்கே சந்தையில் வீசை என்றால் 1.63 கிலோ. பாட்டி நோட்டில் எழுதி வைத்த மெட்ராஸ் வீசை 1.4 கிலோ. பெயர் ஒன்று, எடை வேறு. பாட்டி கணக்குக்குச் சோடாவை நிறுத்துவிட்டு எண்ணெயைச் சூரத்தி பஜாரில் வாங்கினால், எண்ணெய் மிஞ்சிக் கட்டி கொழகொழவென்று இருக்கும், சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். அது போகட்டும். திருப்பிப் போட்டால் சோடா மிஞ்சும், தோல் வெந்துபோகும்.

எண்ணெயை மாற்றுகிறவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற 183 கிராம் சோடா வேண்டும். ஒரு கிலோ கடலை எண்ணெய்க்கு 136 கிராம் போதும். தேங்காய் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று கடலை எண்ணெயை ஊற்றிவிட்டுச் சோடாவைப் பழைய அளவிலேயே போட்டால் கிலோவுக்கு 47 கிராம் காஸ்டிக் வேலையில்லாமல் சோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். கிராமில் எடை போடுகிற தராசு ஒன்று வாங்குங்கள். எந்த எண்ணெயானாலும் அதன் கணக்குக்கு நூற்றுக்கு ஐந்து குறைத்தே சோடா போடுங்கள்.

லவங்க எண்ணெய்

இதைச் சோப்புக் கலவையில் ஊற்றினால் சட்டியிலேயே கல்லாகும். கரண்டியோடு சேர்த்து.

தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் குலுக்குவது

ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், மேலே இருபது சொட்டு சிட்ரோனெல்லா, நன்றாகக் குலுக்கு. இதை வீடியோவில் காட்டாத ஆள் இல்லை. குலுக்கி வைத்துவிட்டுக் கண்ணாடிப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் மேலே மஞ்சளாக ஒரு வளையம் கட்டும். ஸ்பிரேயின் குழாய் அடியில் இருக்கிறது, அது உறிஞ்சுவது வெறும் தண்ணீர். முதலில் அடித்துக்கொள்கிற பத்துப் பேருக்கும் பச்சைத் தண்ணீர்தான். பாட்டில் தீரும்போது கடைசி ஆளின் கழுத்தில் கலப்பில்லாத எண்ணெய் விழும். ஒரு கோயில் திருவிழாவில் அந்தக் கடைசி ஆள் என் மாமியார். கழுத்தில் சிவந்த பட்டை ஒரு வாரம் இருந்தது. எண்ணெய் எண்ணெயில்தான் கரையும், இல்லாவிட்டால் ஆல்கஹாலில்.

எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். தோல் பொத்துப் போகும், அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்காகும்.

ஆறு மணிச் சாம்பிராணி

விளக்கு வைக்கிற நேரத்தில் வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகை காட்டுவது அம்மா காலத்திலிருந்து நடக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரிக் கொசு கொஞ்சம் விலகும். ஆனால் ஏடிஸ் அதிகம் கடிப்பது விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும். நாம் புகை போடும்போது அது சாப்பிட்டு முடித்து அலமாரிக்குப் பின்னால் போயிருக்கும். இளைப்பு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் கதவைச் சாத்திப் புகை போடுவது கொசுவை விடப் பெரிய தொந்தரவு.

புகைக்குச் செலவழிக்கிற பத்து நிமிஷத்தில் தண்ணீர்ச் சாடியைத் தேய்க்கலாம். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சாடியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் சாகாது, பல மாசம் கழித்துத் தண்ணீர் பட்டாலும் பொரியும். தேங்காய் நாரால் உள்பக்கம் சுற்றித் தேய்க்கணும், வாரம் ஒரு தடவை. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு எட்டுப் பத்து நாள்தான். சாமி மாடத்துச் செம்பு, பூச்சாடி, கலசத் தண்ணீர் இவற்றுக்கும் இதே விதி. பக்கத்து வீட்டுப் புத்தர் அலமாரிப் பூச்சாடியைப் பார்த்துக் குறை சொல்கிறவர்கள் நம் வீட்டு மாடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

தனாக்கா பூசினால் கொசு வராது

மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிற தனாக்கா குளிர்ச்சி, வெயிலுக்கு நல்லது, எனக்கும் பிடிக்கும். கொசு விஷயத்தில் அதன் பங்கு கொஞ்சம்தான். கரென் இனப் பெண்களுக்காகச் செய்து 1998-ல் வெளியான ஆய்வில், தனாக்காவைத் தனியாகத் தடிப்பாகப் பூசியபோது லேசான பயன்தான் தெரிந்தது. டீட்டைக் கலந்து பூசியபோது பல மணி நேரம் நின்றது. அரைத்துப் பூசுகிற பழக்கத்தை மாற்றாமல் மருந்தை அதற்குள் வைத்தார்களே, அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

யூகலிப்டஸ் எல்லாம் ஒன்று

இல்லை. தலைவலிக்குத் தேய்க்கிற நீலகிரித் தைலம் வேறு மரம். கொசுவுக்கு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒத்துக்கொள்வது எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸிலிருந்து எடுத்துப் பக்குவம் செய்த மருந்தை, அதிலுள்ள பி.எம்.டி. என்ற பொருளுக்காக. அதே மரத்தின் சாதாரண வாசனை எண்ணெயில் பி.எம்.டி. மிகக் குறைவு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அந்த மருந்தும் கூடாது.

கட்டிலடியில் கற்பூரக் கிண்ணம்

தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

பால்கனிச் செடி

சிட்ரோனெல்லா புல்லைத் தொட்டியில் வைத்தால் கொசு வராது என்று தாக்கேத்தா பெண்கள் நாலு தொட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். இலையைக் கசக்காமல் எண்ணெய் வெளியே வராது, சும்மா நிற்கிற செடி எதையும் விரட்டாது. தொட்டிக்கு அடியில் தட்டு, தட்டில் தண்ணீர். குனிந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் பேச எனக்கு வாயில்லை. போன மழைக்காலம் என் வீட்டுத் தொட்டித் தட்டில் புழு நெளிவதைக் கண்டுபிடித்து, "சித்தி, இங்க வாங்க" என்று கூப்பிட்டுக் காட்டியது அக்கா மகன்தான்.