மீயொலி இசைத்தட்டுச் சுத்திகரிப்பான்: வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வது எப்படி

காதுக்கு எட்டாத ஒலியதிர்வால் தட்டை நீரில் கழுவும் மீயொலிச் சுத்திகரிப்பானுக்குப் பணம் ஒதுக்கும் முன்பு, உங்கள் இசைத்தட்டுகளில் கேட்கும் இரைச்சல் அழுக்கினால் வருகிறதா, தேய்மானத்தினால் வருகிறதா என்பதைக் காதால் பிரித்தறிய வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்பி தட்டு ஒரு சுற்றை முடிக்க 1.8 விநாடி எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் ஒரே வகையான ‘டக்’ ஒலி பல சுற்றுகளுக்குத் தொடர்ந்து கேட்டால், அது பெரும்பாலும் கீறல்தான். அதை எந்த இயந்திரமும் சரிசெய்யாது. குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களில் மட்டும் ஒலி கிழிபட்டுக் கேட்டால், தேய்ந்த ஊசியால் முன்பு பலமுறை ஓட்டப்பட்ட தட்டு என்று கொள்ளலாம். அதற்கும் மருந்து இல்லை. ஒழுங்கின்றி, பாட்டு முழுவதும் பரவலாகப் பொரிவது போன்ற ஒலி கேட்டால்தான் அழுக்கையோ நிலைமின்னையோ சந்தேகிக்க வேண்டும்.

அப்போதும் முதலில் செய்ய வேண்டியது கைக்கழுவல்தான். நிறமும் வாசனையும் சேர்க்காத மென்மையான கழுவுதிரவத்தில் ஓரிரு துளியை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, மெல்லிய தூரிகையால், ஊசி ஓடும் வரிப்பள்ளங்களின் போக்கிலேயே தேய்த்து, வேறு டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசி, நிழலில் நிறுத்தி உலரவிடுங்கள். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. குழாய் நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ பயன்படுத்தினால், உலர்ந்த பிறகு அதிலுள்ள உப்புகள் பள்ளத்திலேயே படிந்துவிடும். சென்னை போன்ற உப்புநீர்ப் பகுதிகளில் இது உறுதியான கெடுதல். இவ்வளவிலேயே தட்டு அமைதியாகிவிட்டால், மீயொலி இயந்திரம் அதற்கு மேல் கூட்டித்தருவது சொற்பமாகவே இருக்கும். ஈரமான அலமாரியில் பூஞ்சணம் பிடித்த தட்டுகளிலும், பழைய கடைகளில் உறையில்லாமல் கிடந்தவற்றிலும் கைக்கழுவலுக்குப் பின்னும் இரைச்சல் மிஞ்சும். மீயொலியின் பயன் அங்கேதான் தெரியும்.

அந்தப் பயன் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால் விளம்பரங்களை எடைபோடுவது எளிது. எல்பியின் வரிப்பள்ளம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமே உடையது. தூரிகையின் இழைகள் அதன் அடிவரை ஒழுங்காகச் செல்வதில்லை. தொட்டியில் விநாடிக்கு 40,000 முறை (40 கிலோஹெர்ட்ஸ்) அதிரும் ஒலி, நீரில் நுண்ணிய குமிழிகளை உருவாக்கி உடைக்கிறது; அவை உடையும்போது எழும் விசை அழுக்கைப் பள்ளத்தின் சுவரிலிருந்து பெயர்க்கிறது. அதிர்வெண் கூடக்கூடக் குமிழிகள் சிறிதாகும், தாக்குதல் மென்மையாகும்.

ஆனால் பெயர்ந்த அழுக்கு எங்கே போகிறது? அது அதே நீரில்தான் மிதக்கிறது. தட்டை எடுத்து அப்படியே உலரவைத்தால், அந்த நீர் விட்டுச்செல்லும் படிவு பள்ளத்துக்கே திரும்புகிறது. ஆகவே அதிர்வெண்ணைவிட, நீரை வடிகட்டும் முறையையும், அலசும் வசதியையும், உலர்த்தும் வழியையும் பார்த்தே ஒரு கருவியை மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விரல்ரேகையின் எண்ணெய்ப்பசை வெறும் நீரில் மீயொலியாலும் முழுதாகப் போகாது என்பதால், இயந்திரம் வாங்கினாலும் கைக்கழுவல் தேவைப்படவே செய்யும்.

சந்தையில் உள்ளவற்றில், எஸ்தோனியாவின் டெக்ரிட்டர் 120 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. வடிகட்டி, உலர்த்தும் விசிறி இரண்டும் அதில் உண்டு. ஜெர்மனியின் ஆடியோ டெஸ்க்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவற்றின் விலை லட்சங்களில் இருக்கும். ஹாங்காங்கின் ஹம்மின்குரு 40 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்து, விசிறியால் உலர்த்துகிறது. விலை மிகவும் குறைவு. இவை தவிர, பட்டறைகளில் உதிரிபாகங்கள் கழுவும் 6 லிட்டர் தொட்டியின் மேல் தட்டுகளைச் சுழற்றும் அச்சைப் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு. இந்த வழியை நாடினால், வரிப்பள்ளப் பகுதி முழுவதும் மூழ்க ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீராழம் கிடைக்கிறதா, தட்டுகளுக்கு இடையே தாராளமான இடைவெளி விட முடிகிறதா என்று பாருங்கள். மெல்லிய அலுமினியத் தாளை நீரில் சிறிது நேரம் பிடித்தால், தொட்டி ஒழுங்காக வேலை செய்யும்போது தாளில் பரவலாகப் பொத்தல்கள் விழும். இறக்குமதிக் கருவியானால் 230 வோல்ட்டுக்கு உரியதா என்பதையும் கேளுங்கள்.

தொட்டியின் சூடேற்றியைப் பெரும்பாலும் அணைத்தே வைக்கலாம். எல்பி தட்டு செய்யப்படும் வினைல் பிளாஸ்டிக் சூட்டில் இளகி வளையும். நீர் 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும், 40-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வும் நீரைச் சூடாக்கும் என்பதால், நம் ஊர்க் கோடையில் சில தட்டுகளுக்கு ஒருமுறை இயந்திரத்துக்கு ஓய்வு தேவைப்படும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டியில் ஊற்றும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அது எளிதில் தீப்பற்றும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளில் மிகப் பல அரக்கினால் ஆனவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். இந்தியாவில் 78 சுழற்சித் தட்டுகள் 1960களிலும் வெளிவந்ததால், வீட்டுப் பெட்டியில் வினைல், அரக்கு இரண்டு வகையும் கலந்திருக்கக்கூடும். அரக்குத் தட்டுகளை மீயொலித் தொட்டிக்கு அனுப்பவே வேண்டாம்.

இனிக் கணக்கு. 40,000 ரூபாய்க் கருவியை 80 தட்டுகளுக்காக வாங்கினால் தட்டு ஒன்றுக்கு 500 ரூபாய் ஆகிறது. அதே கருவி 800 தட்டுகளைக் கழுவினால் 50 ரூபாய்தான். புதிய தட்டுகளை மட்டும் வாங்கும் சிறு சேகரிப்பாளருக்குக் கைக்கழுவலே போதும். பழைய தட்டுகளைத் தொடர்ந்து வாங்குபவருக்கும், அவற்றை டிஜிட்டல் வடிவில் சேமிக்க நினைப்பவருக்கும் மீயொலிக் கருவி உண்மையாகவே பயன்படும். இடைப்பட்டவர்கள், நம்பிக்கையான இரண்டு மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரே கருவியை வாங்குவது நல்லது.

எப்படியாயினும், பணம் கட்டுவதற்கு முன்பு, கையால் கழுவியும் இரைச்சல் தீராத உங்கள் தட்டு ஒன்றை, இத்தகைய கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துக் கழுவி வாங்குங்கள். ஒரே பாட்டின் மெல்லிய பகுதியைக் கழுவும் முன்னும் பின்னும் அதே ஊசியில், அதே ஒலியளவில் பதிவுசெய்து ஒப்பிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் கேட்டால், கருவியின் விலையோடு டிஸ்டில்டு வாட்டருக்கும் புதிய உள்ளுறைகளுக்கும் ஆகும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். கழுவிய தட்டைப் பூஞ்சணம் பிடித்த பழைய காகித உறையிலேயே திரும்ப வைத்தால் செய்த வேலை அத்தனையும் வீணாகும்.